எம்கேடைமில் தொலைந்த ஐந்தரை மணி நேரம்

கோத்தகிரிக்காரன்:
சென்ற ஜனவரியில் நடந்தது இன்னும் உறுத்துகிறது. தேயிலைத் தோட்டத்து வெப்பமானிகள் யூடிசி நேரத்தை, அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரத்தை, ஆண்டு, மாதம், நாள், மணி எனப் பிரித்து அனுப்பின. அதை 1970 முதல் எண்ணப்படும் நொடிகளாக மாற்ற, சி மொழி நூலகத்தின் எம்கேடைம் என்ற செயற்கூறை அழைத்திருந்தேன். உறைபனி விழுந்த காலையில் மேற்பார்வையாளர், முழங்கால் வரை நனைந்த கால்சட்டையோடு, அச்சிட்ட பட்டியலை நீட்டினார். "தம்பி, புல் வெளுத்தது விடியற்காலை 5 மணிக்கு, நானே மிதித்து நடந்தேன். இதில் முந்தின இரவு 11.30 என்று இருக்கிறதே?" என்றார். எம்கேடைம் தனக்குத் தரப்படுவதை உள்ளூர் நேரம் என்றே கொள்ளும். யூடிசிக்கு உரியது டைம்ஜிஎம். நொடிகளைத் திரும்ப ஆண்டு, மாதம், நாளாகப் பிரிக்கும் லோக்கல்டைம், ஜிஎம்டைம் (ஜிஎம் என்பது கிரீன்விச்) இரண்டும் எந்த நேரம் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடுகின்றன. லோக்கல்டைமின் மறுதலையான எம்கேடைம் மட்டும் வாய் திறப்பதில்லை.

கொடைமலை:
கோத்தகிரி நண்பர் பெயரின் மேல் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. உள்ளூர் நேரம் என்று கையேட்டில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. எனக்கு நேர்ந்தது வேறு. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலிலும் எம்கேடைம் என்று ஒன்று இருந்தது, இப்போது அது எம்கேடைம்64. அது யூடிசியாகவே கணக்கிடும். அதை அழைக்கும் கெர்னல் வரிகளைச் சாதாரணப் பயனர் நிரலுக்குக் கொண்டுவந்தபோது, உள்ளிடும் முறையை மட்டும் திருத்திவிட்டு, பெயர் ஒன்றானால் பொருளும் ஒன்றுதான் என்று நம்பினேன். பிற்பகல் 3 மணிக்குக் கொட்டிய மழையை என் மழைமானி காலை 9.30 என்று காட்டியது. அந்தக் காலையில் ஏரியின் மேல் வெயில் அடித்ததை நானே பார்த்திருந்தேன்.

உதகைவாசி:
கொடைமலை ஐயா, கையேடு படித்த தாங்களே ஏமாந்திருக்கிறீர்கள் என்றால், கோத்தகிரி நண்பர் சொல்வதுதான் சரி. என் கதை சிறியது: சர்வரில் நேர மண்டலத்தைச் சொல்லும் டிஇசட் என்ற சூழல் மாறி யூடிசியாக இருந்ததால் எம்கேடைம், டைம்ஜிஎம் இரண்டும் ஒரே விடையைத் தந்தன, மடிக்கணினியில் ஓட்டிய பிறகே பிழை தெரிந்தது. ஆகவே, சோதனைகளை டிஇசட்டை ஆசியா/கொல்கத்தா (இந்திய நேரம்) என்று வைத்தும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். சொந்தமாகச் செயற்கூறு எழுதினால், எதிலிருந்து எதற்கு மாற்றுகிறது, உள்ளூர் நேரமா யூடிசியா என்பவை பெயரிலேயே இருக்கட்டும். கெர்னலின் எம்செக்ஸ்_டு_ஜிஃபீஸ் என்ற பெயரைப் படித்த மாத்திரத்தில் மில்லிநொடி கொடுத்து ஜிஃபி (கெர்னல் கடிகாரத்தின் ஒரு துடிப்பு) பெறுகிறோம் என்பது விளங்குகிறது. வன்பொருள் கடிகாரத்தின் (ஆர்டிசி) நேரத்தை நொடிகளாக மாற்றும் ஆர்டிசி_டிஎம்_டு_டைம்64 என்பதும் நல்ல பெயர்தான், ஆனால் யூடிசி என்ற சொல்லையும் அதில் சேர்த்திருக்கலாம். டைம்ஜிஎம் சி மொழியின் சி23 தரத்தில் இடம்பெற்றுவிட்டது; எனவே டிஇசட்டை மாற்றி, எம்கேடைமை அழைத்து, பிறகு பழையபடி வைக்கும் குறுக்குவழியை விட்டுவிடுங்கள், குறிப்பாகப் பல இழைகள் (ஒரே நேரத்தில் இயங்கும் பகுதிகள்) ஓடும் நிரலில், ஏனெனில் அந்த இடைவெளியில் இன்னோர் இழை நேரம் கேட்டால் அதற்கும் தவறான விடையே கிடைக்கும்.