வண்டியில ஏறினா குதிரை மூத்திரமே பேய மாட்டேங்குது, அடக்கி வைக்குதா?

மதுரைக்காரன்:
அண்ணன்மாரே ஒரு டவுட்டு. நம்மகிட்ட ஆறு வயசு மார்வாரி ஆண் குதிரை இருக்கு. ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு பிக்கப்புல ஏத்திட்டுப் போனோம், டீக்கு நிறுத்தினது சேத்து அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. கிளம்பின கால் மணி நேரத்துல ரெண்டு தடவை லத்தி போட்டான், அதுவும் இளக்கமா, அப்புறமும் போட்டுக்கிட்டேதான் வந்தான், ஆனா மூத்திரம் மட்டும் ஒரு சொட்டு இல்ல. இறக்கி புல்லுத் தரையில நிறுத்தினதுதான் தாமதம், கால அகட்டி பேஞ்சான் பாருங்க, பக்கத்துல நின்னவன் பேன்ட் போச்சு. திரும்பி வர்றப்பவும் இதே கதை. இப்படி அடக்கினா கிட்னிக்கு ஏதும் ஆகுமா? தண்ணியக் குறைச்சுக் குடுத்து ஏத்துங்கன்னு டிரைவர் சொல்றாரு.

லாயத்துக்காரன்:
தண்ணியக் குறைக்கற வேலை மட்டும் வேண்டாங்க தம்பி. ஆண் குதிரை பின்னங்காலத் தள்ளி வச்சு உடம்ப நீட்டி நின்னாத்தான் பேயும், பிக்கப்புல அதுக்கு எடம் ஏதுங்க, ஓடற வண்டியில விழாம வேற நிக்கோணும். வெறும் தகரத்துல பேஞ்சா கால்ல தெறிக்கும், அது குதிரைக்கு ஆகவே ஆகாது. ரப்பர் மேட் போட்டு மேல வைக்கோல கனமா பரப்புங்க. வழியில மரத்தடியா பாத்து நிறுத்தி இன்ஜின ஆப் பண்ணிட்டு இருவது நிமிஷம் சும்மா விட்டு மெதுவா விசில் அடிங்க. நாங்க லாயத்துல எங்க குதிரை பேயறப்பெல்லாம் விசில் அடிச்சுப் பழக்கிருக்கோம், இப்ப விசில் கேட்டாலே கால அகட்டிருவான்.

கால்நடை ஸ்டூடன்ட்:
லத்தி இளகினது பயத்துல, அது சகஜம். அஞ்சு மணி நேரம் அடக்கினதுல கிட்னியும் போயிடாது. ஆனா ஒரு நாளைக்கு 25ல இருந்து 40 லிட்டர் குடிக்கற ஜீவன், தண்ணியக் குறைச்சா லத்தி இறுகி கோலிக்ல, அதாவது கடுமையான வயித்து வலியில, கொண்டு போய் விடும். மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை வாளியக் காட்டுங்க, வெளியூர் தண்ணின்னா மோந்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும், அதனால வீட்டுத் தண்ணியவே கேன்ல எடுத்துட்டுப் போங்க. மூத்திரம் கலங்கலா மஞ்சளா இருந்தா அது எப்பவும் அப்படித்தான், காபி கலர்ல வந்து நடையும் விறைச்சா உடனே டாக்டரக் கூப்பிடுங்க. அது கிடக்கட்டும், வண்டியில தலைய எப்படி கட்டினீங்க?

மதுரைக்காரன்:
இழுத்து தூக்கித்தான் கட்டினோம், கேபின் பக்கம் கடிக்க வருவான்னு.

கால்நடை ஸ்டூடன்ட்:
அதான் தப்பு. தலைய குனிய முடியலன்னா தூசியும் சளியும் வெளிய வராம நுரையீரலுக்குப் போகும். கயித்த கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்க, நிறுத்தற எடத்துல அவுத்து தலைய தரை வரைக்கும் இறக்க விடுங்க. வந்ததுக்கப்புறம் இருமல் ஏதும்?

மதுரைக்காரன்:
ரெண்டு நாள் இருமினான், சந்தைப் புழுதின்னு விட்டுட்டோம். இப்ப இல்ல.

கால்நடை ஸ்டூடன்ட்:
அடுத்த தடவை வந்த அன்னைக்கே ஆரம்பிச்சு ஒரு மூணு நாளைக்கு டெம்பரேச்சர் பாருங்க, 101.5 ஃபாரன்ஹீட்ட தாண்டினா காத்திருக்காதீங்க.

மதுரைக்காரன்:
சரிங்க, ரொம்ப நன்றி. லாயத்துக்காரண்ணே, நேத்து சாயங்காலம் விசிலும் அடிச்சுப் பாத்தேன். குதிரை அசையல, பக்கத்து வீட்டு நாய்தான் ஓடி வந்துச்சு.