லெவல் 15 பார்ட்டி முன்னால் அடல்ட் ரெட் டிராகன் இரண்டு ரவுண்டு கூடத் தாங்கவில்லை: என்ன செய்யலாம்?

கலம்பகம்:

வணக்கம். டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதையாக ஆடும் மேஜை விளையாட்டு) 5ஆம் பதிப்பு, 2014 விதிகள். பார்ட்டியில் (ஆட்டக்காரர் குழுவில்) நாலு பேர், எல்லாரும் லெவல் 15: +2 கிரேட்ஸ்வோர்டு வைத்திருக்கும் ஃபைட்டர், பேலடின் (புனித வீரர்), ரோக் (மறைந்து தாக்குபவர்), விஸார்ட் (மந்திரவாதி). கிளெரிக் (குணமாக்கும் பூசாரி) கிடையாது. அடுத்த செஷனில் எரிமலைக் குகைக்குள் அடல்ட் ரெட் டிராகன். சிஆர் (எதிரியின் கடினத் தரம்) 17, 18,000 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி).

டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) கையேட்டு அட்டவணையில் லெவல் 15க்கு ஆளுக்கு ஹார்ட் (கடினம்) 4,300, டெட்லி (உயிருக்கு ஆபத்து) 6,400 எக்ஸ்பி. நாலு பேருக்கு 17,200, 25,600. அதாவது டிராகன் 'ஹார்ட்' வரிசையில் வருகிறது. ஆனால் மாதிரிக்கு உருட்டிப் பார்த்தால் இரண்டாம் ரவுண்டிலேயே சாய்ந்துவிடுகிறது. விஸார்டிடம் ஃபோர்ஸ்கேஜ் (எதிரியைக் கூண்டில் அடைக்கும் ஸ்பெல்) வேறு இருக்கிறது. ஹெச்பியை (உயிர்ப் புள்ளிகளை) இரண்டு மடங்காக்கலாமா? இல்லை, இன்னும் வயதான, பலமான ஏன்ஷியண்ட் ரெட் டிராகனையே இறக்கிவிடலாமா?

இருபதுமுகத்தான்:

இரண்டும் வேண்டாம். முதலில் அது ஏன் இவ்வளவு சீக்கிரம் சாகிறது என்று கணக்குப் போடுவோம்.

டிராகனுக்கு ஏசி (அடி விழ எட்ட வேண்டிய எண்) 19, ஹெச்பி 256. ஃபைட்டர் 20 முகப் பகடையோடு +12 போட்டு அடிக்கிறார், 70 சதவீதம் விழும். ஒரு அடிக்குச் சராசரி 14. ஆக்ஷன் சர்ஜ் (ஒரு முறை கிடைக்கும் கூடுதல் ஆக்ஷன்) சேர்த்து முதல் ரவுண்டில் ஆறு அடி, சுமார் 59. பேலடின் இரண்டு அடியிலும் 3ஆம் லெவல் ஸ்லாட்டில் (ஸ்பெல்லுக்கான கையிருப்பு) ஸ்மைட் (அடியோடு சேரும் கூடுதல் சேதம்) போட்டால் சுமார் 45. ரோக்கின் ஸ்னீக் அட்டாக் (ரோக்கின் கூடுதல் சேதம்) 8டி6, அதாவது எட்டு ஆறுமுகப் பகடை; அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது) இருந்தால் சுமார் 30. கூட்டினால் 134. இரண்டாம் ரவுண்டில் ஆக்ஷன் சர்ஜ் இல்லாமல் 104. மொத்தம் 238. மிச்சம் 18தான். விஸார்ட் எதைப் போட்டாலும் முடிந்தது கதை.

இதில் எல்லாரும் முதல் ரவுண்டிலேயே டிராகனைத் தொட்டுவிடுகிறார்கள், எல்லார் கையிலும் எல்லா ஸ்லாட்டும் அப்படியே இருக்கிறது. இந்த இரண்டைத்தான் உடைக்க வேண்டும். ஹெச்பியை 512 ஆக்கினால் இதே அடிதடி இன்னும் இரண்டு மூன்று ரவுண்டு நீளும், அவ்வளவுதான். டிராகனுக்குக் கூடுதலாகச் செய்ய ஒன்றும் கிடைக்காது.

ஏன்ஷியண்ட் இன்னும் மோசம். அதன் நெருப்பு மூச்சு டிசி (தப்ப எட்ட வேண்டிய எண்) 24, சராசரி 91. டெக்ஸ் (சுறுசுறுப்பு) +2 உள்ள விஸார்ட் 20 உருட்டினாலும் 22தான். சேவில் (தப்பிக்க உருட்டும் உருட்டலில்) 20 விழுந்தால் தானாகத் தப்பிக்கும் விதி இல்லை. கான் (உடல் உறுதி) 14 வைத்து லெவல் 15 விஸார்டுக்குச் சராசரி ஹெச்பி 92. ஒரு மூச்சில் 1 ஹெச்பி மிஞ்சும், டைஸ் கொஞ்சம் ஏறினால் அதுவும் மிஞ்சாது. எப்படி உருட்டினாலும் தப்ப வழியில்லாத தாக்குதலை ஆட்டக்காரர் முன்னால் வைக்கவே கூடாது.

டிராகனை அப்படியே விட்டுவிட்டு இரண்டு ஃபயர் ஜயண்ட் சேருங்கள். சிஆர் 9, ஏசி 18, ஹெச்பி 162. இரண்டுக்கும் நெருப்பு ஏறாது. அதனால் ஜயண்ட் பேலடினோடு மல்லுக்கட்டும்போது டிராகன் தயங்காமல் அந்த இடத்திலேயே மூச்சு விடலாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வெட்டு, வெட்டுக்கு 28. ஏசி 18க்கு எதிராக இரண்டும் சேர்ந்து ரவுண்டுக்கு சுமார் 78. விஸார்டை ஒரு வெட்டு வெட்டினாலே கான்சென்ட்ரேஷன் (ஸ்பெல்லை விடாமல் பிடித்திருக்கும் கவனம்) சேவ் டிசி 14 ஆகிவிடும்.

ஜயண்டுகளை ஒட்டி நிறுத்தாதீர்கள். அவற்றின் விஸ்டம் சேவ் +2, விஸார்டின் டிசி 18. ஹிப்னாட்டிக் பேட்டர்ன் (எதிரிகளை மயக்கும் ஸ்பெல்) 30 அடிக் கனசதுரத்துக்குள் இரண்டும் மாட்டினால் ஒவ்வொன்றும் தோற்க 75 சதவீத வாய்ப்பு. குறைந்தது 40 அடி இடைவெளி விடுங்கள். ஒன்று இரண்டாம் ரவுண்டு தொடக்கத்தில் வரட்டும், மற்றது மூன்றாம் ரவுண்டில், வேறு வாசல் வழியாக.

கலம்பகம்:

நன்றி அண்ணா. ஆனால் மூன்றையும் சேர்த்தால் 28,000. மூன்று எதிரி என்பதால் அட்டவணை 2ஆல் பெருக்கச் சொல்கிறது. 56,000! டெட்லி அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பார்ட்டி மொத்தமாக அழிந்துவிடாதா?

இருபதுமுகத்தான்:

அந்தப் பெருக்கல், ஒரே நேரத்தில் பல எதிரிகள் அடிப்பதைக் கணக்கில் எடுக்க வைத்தது. கீழ் லெவலில் சரியாக வரும். மேல் லெவலில் ஒரே ஸ்பெல்லில் ஒரு எதிரியைச் சண்டையிலிருந்தே தூக்கிவிடலாம் என்பதால் அது மிகையாகக் காட்டும். 2024 கையேட்டில் அந்தப் பெருக்கலையே எடுத்துவிட்டார்கள். அதில் லெவல் 15க்கு ஆளுக்கு மாடரேட் 5,400, ஹை 7,800. நாலு பேருக்கு 21,600, 31,200. உங்கள் 28,000 இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. இந்தப் பார்ட்டிக்கு அதுதான் உண்மைக்குப் பக்கம்.

அப்படியும் பயம் இருந்தால் மூன்றாம் ரவுண்டு ஜயண்டை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேஜைக்கு இன்னும் வராத எதிரியை வராமலே விட்டுவிடலாம். வந்துவிட்டதன் ஹெச்பியை நடுவில் குறைப்பதும் கூட்டுவதும் கூடாது. டிராகனுக்கு ஹெச்பி கூடுதலாக வேண்டும் என்றால் சண்டைக்கு முன்பே முடிவு செய்யுங்கள். அதன் ஹெச்பி 19டி12+133, உச்சம் 361. அதுவரை போகலாம்.

நள்ளிரவு டிஎம்:

ஃபோர்ஸ்கேஜ் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2014 விதியில் அதற்குச் சேவும் கிடையாது, கான்சென்ட்ரேஷனும் கிடையாது. 2024இல்தான் கான்சென்ட்ரேஷன் வந்தது. சேவ் இல்லாததால் டிராகனின் மூன்று லெஜண்டரி ரெஸிஸ்டன்ஸும் (தோற்ற சேவை வெற்றியாக்கும் திறன்) அங்கே செல்லாது.

ஆனால் ஸ்லாட்டைப் பாருங்கள். லெவல் 15 விஸார்டுக்கு 7ஆம் லெவலில் ஒன்று, 8ஆம் லெவலில் ஒன்று. ஆக ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு கூண்டு. ஆர்கேன் ரிகவரியில் (ஓய்வில் ஸ்லாட் திரும்பும் திறன்) 6ஆம் லெவலும் அதற்கு மேலும் திரும்பாது. எனவே டிராகனைச் சந்திக்கும் முன்பே அந்த ஸ்லாட்டுக்கு வேறு நல்ல வேலை கொடுங்கள். டெலிபோர்ட்டும் (நொடியில் இடம் மாற்றும் ஸ்பெல்) 7ஆம் லெவல். குகை 300 மைல் தள்ளி இருக்கட்டும், நாளை மாலைக்குள் பிணைக்கைதியை மீட்க வேண்டும் என்று வையுங்கள். 7ஆம் லெவல் ஸ்லாட் பயணத்திலேயே போய்விடும், அதுவும் விஸார்ட் தானே விரும்பிச் செலவழித்ததாக. ஸ்பெல்லைத் தடை செய்வதைவிட இது எவ்வளவோ நேர்மை.

கூண்டுக்குள் மாட்டினாலும் கம்பிகளுக்கு நடுவே அரை அங்குல இடைவெளி உண்டு, நெருப்பு வெளியே வரும். மூடிய பெட்டி வடிவம் 10 அடிதான், ஹியூஜ் அளவு டிராகன் அதில் அடங்காது.

பிறகு, ஓய்வு. குகை வாசலில் டைனி ஹட் (பாதுகாப்பான குடில் தரும் ஸ்பெல்) போட்டு எட்டு மணி நேரம் படுத்தால் நீங்கள் செலவழிக்க வைத்த ஸ்லாட் எல்லாம் திரும்பிவிடும். லாங் ரெஸ்ட் 24 மணி நேரத்தில் ஒரு முறைதான் என்பதை நினைவூட்டுங்கள். ஷார்ட் ரெஸ்டைத் தாராளமாக விடுங்கள். ஃபைட்டருக்கு ஆக்ஷன் சர்ஜ் திரும்புவது நல்லதுதான், தேய வேண்டியது விஸார்டின் பெரிய ஸ்லாட்டுகள்.

மலைக்கோட்டை மணி:

ஜயண்ட் யோசனை எனக்கும் சம்மதம். ஆனால் டிராகன் தரையில் நின்றால் எத்தனை ஜயண்ட் வைத்தும் பலனில்லை. இருபதுமுகத்தான் போட்ட கணக்கில் ஃபைட்டரின் 59 முழுக்க, டிராகன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதை நம்பி வந்தது. அது 80 அடி பறக்கும். மூச்சு 60 அடிக் கூம்பு.

இப்படி ஓட்டுங்கள். 140 அடித் தொலைவில், மேல்விளிம்பில் தொடங்கட்டும். தன் டர்னில் 80 அடி பறந்து 60 அடியிலிருந்து ஊதுகிறது. அடுத்து ஆடுபவரின் டர்ன் முடிந்ததும் லெஜண்டரி ஆக்ஷனில் (பிறர் டர்ன் முடிவில் டிராகன் செய்யும் கூடுதல் செயல்) விங் அட்டாக். அதற்கு மூன்றில் இரண்டு செலவு, ஆனால் பாதி வேகத்தில், அதாவது 40 அடி, பறக்க விடும். இப்போது 100 அடி தள்ளி, மேலே. கிரேட்ஸ்வோர்டு எட்டாது. ரோக்கின் ஷார்ட்போ 80 அடி தாண்டினால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுப்பது), ஸ்னீக் அட்டாக் போச்சு. கவனம்: டிராகனுக்கு அடுத்த டர்ன் விஸார்டுடையதாக இருந்தால், அது 60 அடியில் நிற்கும்போதே ஃபோர்ஸ்கேஜ் போட்டுவிடலாம். அதன் எல்லை 100 அடி. இனிஷியேட்டிவ் வரிசையை (யாருக்குப் பின் யார் ஆடுவது) பார்த்து, அந்த ரவுண்டில் ஊதுவதா, ஜயண்டுக்குப் பின்னால் இருப்பதா என்று டிராகன் முடிவெடுக்கட்டும். அதற்கு இன்டெலிஜென்ஸ் 16, இவ்வளவு யோசிக்கும்.

மூச்சு திரும்ப ஆறுமுகப் பகடையில் 5 அல்லது 6 விழ வேண்டும், மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. இடைப்பட்ட ரவுண்டுகளில் இனிஷியேட்டிவ் 20இல் லேயர் ஆக்ஷன் (டிராகனின் குகை தரும் தாக்குதல்) வேலை செய்யும். தரை அதிர்வுதான் என் தேர்வு: டிராகனைச் சுற்றி 60 அடிக்குள் தரையில் நிற்பவர்கள் டிசி 15 டெக்ஸ் சேவில் தோற்றால் கீழே விழுவார்கள், எழப் பாதி நடை போய்விடும்.

பேலடினின் ஆராவையும் சேர்த்து யோசியுங்கள். 10 அடிக்குள் நின்றால் கரிஸ்மா 20க்கு எல்லாச் சேவிலும் +5, பயமும் ஒட்டாது. விஸார்டின் டெக்ஸ் சேவ் +7 ஆகி, டிசி 21க்கு 14 உருட்டினால் போதும். வெளியே நின்றால் 19 வேண்டும். ஆனால் எல்லாரும் 10 அடிக்குள் குவிந்தால் ஒரே மூச்சில் நாலு பேரும் நனைவார்கள். சேருவதா, சிதறுவதா? அந்தத் தவிப்பை ஒவ்வொரு ரவுண்டும் அவர்களுக்குக் கொடுங்கள். முதல் ஜயண்ட் வர வேண்டியது, அவர்கள் சேர்ந்து நிற்கும் பக்கம்.

கலம்பகம்:

பிணைக்கைதியை எங்கே வைப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை மணி:

இரண்டாவது ஜயண்ட் வரும் வாசலுக்குப் பக்கத்தில், டிராகன் இருக்கும் விளிம்புக்கு நேர் எதிர்ப் பக்கம், 90 அடி தள்ளி. ஃபைட்டர் ஓடினால் ஒன்றரை ரவுண்டு ஆகும். அந்த ஒன்றரை ரவுண்டில் டிராகன் மேல் கத்தி விழாது. 100 ஹெச்பிக்குக் கீழே போனதும் டிராகன் பறந்து போகட்டும். அதைத் துரத்துவதா, கைதியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவதா என்பது அவர்கள் முடிவு.