டிரை பிரஷ்: 'உலர்தூரிகை' வேண்டாம், 'கீற்றுத் தீட்டல்' சரிவருமா?

ஐயா, நண்பர்களே, வணக்கம்.

ஐயா தொகுத்த நீர்வண்ணக் கலைச்சொல் பட்டியலில் 'டிரை பிரஷ்' என்ற தீட்டும் முறைக்கு 'உலர்தூரிகை' என்று போட்டிருக்கிறீர்கள். பதினோரு வருடமாகச் செடிகொடிகளை நீர்வண்ணத்தில் வரைந்து பிழைக்கிறவள் நான். நாளில் பாதிப் பொழுது இந்த வேலையில்தான் போகிறது. அந்த உரிமையில் ஓர் ஆட்சேபம்: நான் இதைச் செய்யும்போது தூரிகை உலர்ந்திருப்பதே இல்லை. உலர்ந்த தூரிகையால் தூசி தட்டலாம், இலை வரைய முடியாது.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், சொல்லை அப்புறம் பார்க்கலாம். வழவழப்பான பருத்தித் தாள், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை; கடையில் 'ஹாட் பிரஸ்' என்று கேட்டால் கொடுப்பார்கள். பென்சில் கோட்டின்மேல் முதலில் தண்ணீராகக் கரைத்த வண்ணத்தை இரண்டு மூன்று தடவை பூசிக் காயவிடுவேன். பிறகு சிறிய தூரிகையை வண்ணத்தில் தோய்த்து, பழைய வேட்டித் துணியில் புரட்டித் துடைத்து, முனையைக் கூராக்கிக்கொண்டு, இலை நரம்பு ஓடும் திசையிலேயே மெல்லிசான கோடுகளாக இழுக்க வேண்டும். ஒன்றின் பக்கத்தில் ஒன்று, அது காய்ந்ததும் அதன்மேல் இன்னொன்று. நடுத்தர அளவு இலை ஒன்றுக்கு மூன்று மணி நேரம் ஆகிவிடும்.

துடைப்பது எதற்கு? நீர்வண்ணத் தூளைத் தாளோடு பிடித்துவைப்பது அரபுப் பிசின், நம் கருவேலம் பிசினுக்கு உறவு. காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் அது மறுபடி கரையும். தூரிகையில் ஒரு சொட்டு ஈரம் கூடினாலும் புதுக்கோடு விழாது, அடியில் பூசியது கிளம்பி வரும், இலை நடுவில் ஒரு வெளுத்த திட்டு உட்கார்ந்துகொள்ளும். ஆக, இங்கே சூட்சுமம் வறட்சியில் இல்லை. அளந்து வைத்த ஈரத்தில் இருக்கிறது. 'உலர்' என்று சொன்னால் புதிதாகக் கற்கிற பிள்ளை வறட்டுத் தூரிகையைத் தாளில் தேய்க்கும். தேய்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நிலக்காட்சி வரைகிறவர்களும் 'டிரை பிரஷ்' என்கிறார்கள், ஆனால் அவர்கள் செய்வது வேறு. சொரசொரப்பான தாளில் தூரிகையைப் படுக்க வைத்து இழுப்பார்கள். தாளின் மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். பாறை, மரப்பட்டை, வெயிலில் மினுங்கும் தண்ணீர் எல்லாம் அப்படித்தான் வரும். பட்டியலில் 'உலர்தூரிகை'க்கு ஐயா எழுதிய விளக்கம் இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. எனவே 'உலர்தூரிகை'யை அவர்களுக்கே கொடுத்துவிடலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதற்காக நாமும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டியதில்லை.

சரி, எங்கள் வேலைக்கு என்ன பெயர்? 'ஒற்றித் தீட்டல்' என்று ஒரு நண்பர் சொன்னார். துணியில் ஒற்றுவதை மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறார், ஆனால் கேட்பவர் தாளில் ஒற்றுவதாகத்தான் நினைப்பார். 'வரித் தீட்டல்' எனக்குப் பிடித்திருந்தது. வரி என்றாலே எல்லாருக்கும் நகராட்சி நோட்டீஸ் நினைவுக்கு வருகிறதே, என்ன செய்ய? 'இழைத் தீட்டல்' நல்ல போட்டி. ஆனால் இழை தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பருமன். தூரிகைக் கோடு அப்படி இல்லை. மெலிதாக இறங்கி, நடுவில் சற்றுப் பருத்து, மறுபடி மெலிந்து தாளை விட்டு எழும்பும்.

நான் முன்வைப்பது 'கீற்றுத் தீட்டல்'. இது என் மூளையில் உதித்ததில்லை. போன கார்த்திகையில் செங்காந்தள் வரைந்துகொண்டிருந்தேன். அதன் இதழ் பச்சையாகத் தொடங்கி, மஞ்சளாகி, முனையிலிருந்து சிவந்துகொண்டே வரும். நேற்று கலந்து வைத்த வண்ணம் இன்றைக்கு உதவாது. எங்கள் தெருவில் போர்டு எழுதும் அண்ணன் திண்ணையோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னம்மா, கீத்து கீத்தா இழுத்துக்கிட்டிருக்க, எப்ப முடியும்?" என்றார். அவர் ஒரு சுவரை இரண்டு மணி நேரத்தில் முடிப்பவர். மின்னல் கீற்று, நிலாக்கீற்று, திருநீற்றுக் கீற்று, எல்லாமே மெலிந்து முடிகிறவை. தென்னங்கீற்றில் ஒன்றையொன்று அடுத்து ஓடும் இணை நரம்புகளும் உண்டு. காந்தள் இலையும் அதே சாதி நரம்புதான்.

'கீற்றுத்தீட்டு' என்று சுருக்கலாமே என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். தீட்டு என்று எழுதினால் பாட்டிமார்கள் தூரிகையைத் தொட மாட்டார்கள்.

பட்டியலின் மற்ற சொற்கள் பற்றிச் சுருக்கமாக. என் தொழிலுக்கு 'தாவரவியல் விளக்கப்பட வரைவாளர்' என்று இருக்கிறது. வரைவாளர் என்றால் பொதுப்பணித் துறையில் பாலம் வரைகிறவர். விளக்கப்படம் என்றால் அம்புக்குறி போட்ட பாடப்புத்தகப் படம். 'தாவர ஓவியர்' போதும். 19ஆம் நூற்றாண்டில் இராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளருக்காகச் சென்னை மாகாணத்தின் செடிகளை ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்தார்கள். 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட ஆறு தொகுதிகளில் மட்டும் 2000க்கு மேற்பட்ட படங்கள். கோவிந்துவின் பெயரில் ஓர் ஆர்க்கிட் பேரினத்தையே வைட் அமைத்தார். பின்னாளில் அது டிரோபிடியா என்ற இன்னொரு ஆர்க்கிட் பேரினத்துக்குள் சேர்ந்துவிட்டது, அது வேறு கதை. அவர்களை ஓவியர் என்று சொல்லக் கூசாத நாம் எனக்கு மட்டும் ஏன் மூன்று சொல் சுமை ஏற்ற வேண்டும்?

வண்ணமில்லாத மைக்கோட்டுப் படத்துக்கு ஐயா சொன்ன 'புனையா ஓவியம்' எனக்கு முழுச் சம்மதம். நெடுநல்வாடையில் தலைவனைப் பிரிந்து, அணி களைந்து கிடக்கும் அரசிக்கு வந்த உவமை அது. புதிய செடியை விவரிக்கும் கட்டுரைகள் பலவற்றில் இப்படிக் கோட்டுப் படம்தான் வருகிறது. அதற்கு இரண்டாயிரம் வருடப் பழைய சொல் கையிலேயே இருக்கும்போது புதிதாக எதற்கு?

தண்ணீராகக் கரைத்த வண்ணத்தைப் பரப்பிப் பூசும் 'வாஷ்' என்பதற்கு 'கழுவல்' என்று இருப்பதை மட்டும் தயவுசெய்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கழுவினால் படம் போய்விடும். நான் 'நீர்ப்பூச்சு' என்று எழுதிப் பார்த்தேன், சுவரில் ஈரம் கசிவது போலத் தொனிக்கிறது. 'மென்பூச்சு' பரவாயில்லை. இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் போர்டு எழுதும் அண்ணனிடம்தான் மறுபடி போக வேண்டும்.