இணைகோடுகளுக்கு நடுவே: ‘ஒருபக்க உட்கோணங்கள்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். இரு இணைகோடுகளை ஒரு கோடு வெட்டும்போது உண்டாகும் ஒரு கோணச் சோடிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். என் கருத்து இது.

குறுக்குவெட்டி (இரு கோடுகளையும் வெட்டிச் செல்லும் கோடு), ஒத்த கோணங்கள் (இரு வெட்டுப்புள்ளிகளிலும் ஒரே நிலையில் இருப்பவை), ஒன்றுவிட்ட உட்கோணங்கள் (கோடுகளுக்கு நடுவே, வெவ்வேறு வெட்டுப்புள்ளிகளில், குறுக்குவெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பவை) எல்லாம் பள்ளிகளில் வேரூன்றிவிட்டன. அவற்றில் கைவைக்க வேண்டாம். உட்கோணங்களில் பெயரில்லாமல் நிற்பது ஒரு சோடிதான்: ‘குறுக்குவெட்டிக்கு ஒரே பக்கத்தில் அமைந்த உட்கோணங்கள்’. இது விளக்கம், பெயர் அன்று. கோடுகள் இணை என்றால் இந்த இரண்டின் கூடுதல் 180°. மேலூர்ப் பக்கம் நான் கணக்கு எடுக்கும் வகுப்பில் ‘ஒத்த கோணம்’ என்று பட்டென்று காரணம் எழுதும் பிள்ளைகள், இந்த இடத்துக்கு வந்ததும் வெறுமனே 180° என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். சொல் இல்லை, அதனால் காரணமும் விடுபடுகிறது.

‘இணை உட்கோணங்கள்’ என்று இங்கே ஐயா ஒருவர் முன்மொழிந்தது எனக்கு ஒப்பவில்லை. இணைகோடு நடத்தும் பாடத்திலேயே ‘இணை’ வேறு பொருளில் வந்தால் பிள்ளைகள் தடுமாறுவார்கள். இலங்கையில் வழங்கும் ‘நேயக் கோணங்கள்’ அழகான சொல். ஆனால் கோணம் எங்கே இருக்கிறது என்று அது காட்டாது.

என் பரிந்துரை: ஒருபக்க உட்கோணங்கள்.

‘பக்கம்’ என்றால் முக்கோணத்தின் பக்கத்தோடு குழம்பும், ‘ஒருபுற’ என்போம் என்று இங்கே அம்மா ஒருவர் எழுதியிருந்தார்கள். புறம் என்றால் வெளி என்றும் பொருள்படுமே. ‘ஒருபுற உட்கோணம்’ காதிலேயே முரண்படுகிறது. தவிர, ‘பக்கம்’ இங்கே உதவவே செய்கிறது. இணைகரத்தில் ஒரு பக்கத்தின் இரு முனைகளிலும் உள்ள உட்கோணங்கள் இவையேதான். அந்தப் பக்கமே குறுக்குவெட்டி. கோடுகள் இணையாக இல்லாதபோதும் பெயர் நிற்கும்: எந்தப் பக்கத்தில் இந்த இரண்டின் கூடுதல் 180°க்குக் குறைகிறதோ, அந்தப் பக்கத்தில் கோடுகள் சந்தித்து முக்கோணமாகும். கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் ஐந்தாம் அடிகோள் (நிறுவாமலே ஏற்கும் அடிப்படைக் கூற்று) பேசுவது இந்தச் சோடியைப் பற்றித்தான். அதற்கா நாம் பெயர் வைக்காமல் விட்டோம்!

விளக்கப் படத்துக்கு மதுரையின் ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதிகளைக் காட்டலாம் என்ற யோசனை பற்றி: வீதிகள் ஏறத்தாழ இணைதான், ஆனால் குறுக்கே வரும் தெருக்களும் ஏறத்தாழச் செங்குத்து. எட்டுக் கோணமும் 90° ஆகிவிட்டால் எந்தச் சோடியும் சமம், எந்தச் சோடியைக் கூட்டினாலும் 180°. பிரித்துக் காட்ட வழியே இல்லை. கோடு போட்ட நோட்டில் ஸ்கேலைச் சாய்த்து வைத்து, 70°யும் 110°யும் வரும்படி வரைந்தால் போதும்.

இணைகோடுகளுக்கு வெளியே, குறுக்குவெட்டியின் ஒரே பக்கத்தில் இருக்கும் சோடியும் கூடி 180° தரும். அதற்கு ‘ஒருபக்க வெளிக்கோணங்கள்’ என்பது தானே அமைந்துவிடுகிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.