ஜி போய் சி வந்தால் அதற்குப் பெயர் என்ன?

திருகோணமலையிலிருந்து:

அன்புடையீர், குருதிச் சுத்திகரிப்புக்கு (டயாலிசிஸ்) வருகிறவர்களுக்காக நான்கு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுக்கவேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் உயிரிழப்புக்கு முதற்காரணம் இதயநோய். அவர்களது உடலில் அழற்சி ஓயாமல் கனன்றுகொண்டிருப்பது அதற்கு ஒரு காரணம். அந்த அழற்சியை முடுக்கிவிடும் இன்ரர்லியூக்கின் 6 என்ற புரதத்தின் பரம்பரையலகில் (ஜீன்), டீ.என்.ஏ. எழுத்துகளில் எண்ணினால் தொடக்கத்துக்கு 174 எழுத்து முன்னால், சிலருக்கு ஜி இருக்கிறது, சிலருக்கு சி. இந்த வேறுபாட்டுக்கு ஒரு சொல் தாருங்கள். 'பல்லுருத்தோற்றம்' என்று வாசித்துக்காட்டினேன். "இராவணனுக்கு இருந்ததா, பிள்ளை?" என்று கேட்டார் ஒரு பெரியவர். கோணேசர் மலையடியில் வேறென்ன கேட்பார்கள்!

உப்புவெளியிலிருந்து:

தங்கச்சி, பாடநூலில் 'விகாரம்' இருக்கும்போது ஏன் அலைகிறீர்கள்? முப்பது வருடமாக அதைத்தான் கற்பித்தேன். நன்னூலார் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று விகாரம் சொன்னார். பரம்பரையலகில் ஓர் எழுத்து புகுவது, மாறுவது, விழுவது எல்லாம் அதற்குள் அடக்கம். ஜி போய் சி வருவது திரிதல். உயிரியலார் இதைவிட ஒழுங்காக வகுத்துவிட்டார்களா?

கிண்ணியாவிலிருந்து:

சேர், பொருத்தம் அழகுதான். ஆனால் நோயாளியிடம் "உங்களுக்கு விகாரம்" என்று சொல்லும் வேலை என்னுடையது. தவிர, மக்களிடையே நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்காவது பரவிவிட்ட வேறுபாட்டை மருத்துவத்தில் விகாரம் என்பதில்லை. எனக்குப் 'பரம்பரையலகு' என்ற சொல்லிலும் பயம் உண்டு. பரம்பரை என்று காதில் விழுந்ததும் ஒரு தாய் மகளின் கலியாணப் பேச்சைப் பற்றித்தான் கேட்டார். 'மரபணு' என்றால் பதறமாட்டார்கள்.

மூதூரிலிருந்து:

'மரபணு' தமிழ்நாட்டுச் சரக்கு. இருக்கட்டும். அறம் அறனாகும், நிலம் நிலனாகும்; எழுத்து மாறும், பொருள் மாறாது. இலக்கணத்தில் அதற்குப் பெயர் போலி. 'மரபுப்போலி' என்று போடுங்கள்.

கிண்ணியாவிலிருந்து:

ஐயா, போலி வைத்தியரிடம் போய்க் காலம் கடத்திவிட்டு வருகிறவர்களை நான் பார்க்கிறேன். அவர்களிடம் போலி மரபணு என்று சொல்வதா? இன்னொன்று: அந்த ஓர் எழுத்தால் புரதம் மாறுவதில்லை, அது உண்டாகும் அளவு கூடிக் குறையலாம். அளவு கூடினால் ஈரல் சி-எதிர்வினைப் புரதத்தைக் கூடுதலாக வெளிவிடும். குருதிப் பரிசோதனையில் நாங்கள் பார்ப்பது அதைத்தான்.

மூதூரிலிருந்து:

அளவா? அப்படியென்றால் அது அளபெடை, டொக்டர் பிள்ளை! சொல் அதேதான், ஒலிக்கும் மாத்திரை நீள்கிறது. 'மரபளபெடை'. 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியர் இருந்திருந்தால் இந்நேரம் ஒப்புக்கொண்டிருப்பார். அழற்சி என்ற சொல்லையே பாருங்கள், அழல் தான் வேர். கன்னியா வெந்நீரூற்றை நாம் ஏன்

(மிகுதி வெந்நீரூற்றுப் பற்றியது. நீளம் கருதி வெட்டியிருக்கிறேன். – மட்டுறுத்துநர்)

தம்பலகாமத்திலிருந்து:

'எதிருரு' பாடநூலில் இருக்கிறதே, அதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? அது கிடக்க, தலைப்பில் குருதிச் சுத்திகரிப்பைக் 'கூழ்மப்பிரிப்பு' என்று போட்டுவிடாதீர்கள். ஆடிக்கூழுக்கு வழி சொல்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.

உப்புவெளியிலிருந்து:

எதிருரு என்பது ஜியும் சியும் தனித்தனியே. இங்கே கேட்பது அப்படி இரண்டாக இருக்கும் நிலைக்குப் பெயர். இரண்டையும் குழப்பினால் பரீட்சையில் புள்ளி போகும்.

திருகோணமலையிலிருந்து:

வியாழன் இரவாகிவிட்டது. 'மரபணு எழுத்து வேறுபாடு' என்று போடுகிறேன். நீளம்தான், ஆனால் வாசித்துக்காட்டிய இடத்தில் யாரும் இராவணனைத் தேடவில்லை. இதுபற்றிய ஆய்வுகள் எல்லாம் ஒரே பக்கம் சாயவில்லை என்பதால், "இதற்காகத் தனியே பரிசோதனை செய்யத் தேவையில்லை" என்ற வரியைத் தடித்த எழுத்தில் சேர்க்கச் சொன்னார் டொக்டர். சேர்த்துவிட்டேன்.

கிண்ணியாவிலிருந்து:

சம்மதம்.

உப்புவெளியிலிருந்து:

சம்மதம். விகாரத்தை அடைப்புக்குறிக்குள்ளாவது போட்டிருக்கலாம்.

மூதூரிலிருந்து:

எனக்குச் சம்மதமில்லை. மூன்று சொல்லைக் கோத்தால் அது விளக்கம், கலைச்சொல் ஆகாது. அச்சிடுங்கள், இரண்டாம் பதிப்பில் பார்த்துக்கொள்வோம். அதுவரைக்கும் 'வேறுபாடு' என்பதில் வருகிற 'பாடு' விகுதியா, படு என்பதன் முதனிலை திரிந்த தொழிற்பெயரா என்று யாராவது சொல்லுங்கள்.