கதவு திறக்கும் அந்தச் சில நொடிகள்

திகில் கேம்களை வைத்து எடுத்த படங்களைப் பார்த்தபோது உங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள். மதிப்பெண் போட வேண்டாம். பார்த்த அன்று மனதுக்குள் என்ன ஓடியது என்று சொன்னால் போதும். நானே ஆரம்பிக்கிறேன்.

ஜாம்பிகள் உலவும் மாளிகையில் நடக்கும், 1996இல் வந்த முதல் 'ரெசிடென்ட் ஈவில்' கேமை ஆடியவர்களுக்கு அந்தக் கதவுகள் மறந்திருக்காது. ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும்போது திரை முழுக்க இருட்டாகிவிடும். நடுவில் ஒரு கதவு மட்டும் தெரியும். மெதுவாகத் திறக்கும். டிஸ்க்கிலிருந்து அடுத்த அறை ஏறுவதற்கு நேரம் வேண்டும், அதை மறைக்கத்தான் அந்தக் கதவு. காரணம் தெரிந்த பிறகும் என் பயம் குறையவில்லை. துப்பாக்கியில் நாலைந்து தோட்டாதான் இருக்கும். டைப்ரைட்டரில் சேவ் செய்ய ஒரே ஒரு ரிப்பன் மிச்சமிருக்கும். கடைசியாக சேவ் செய்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அப்படி ஒன்றுமில்லாத அறைகள்தான் நிறைய. ஆனால் திறந்த கை என்னுடையது. உள்ளே எது இருந்தாலும் அதற்கு நான்தான் பொறுப்பு.

2002இல் படம் வந்தது. முதல் நாளே போனேன். கேம்களில் இல்லாத ஆலிஸ் என்ற பெண்தான் நாயகி. அது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. லேசர் கதிர்கள் வரும் அந்த நடைபாதைக் காட்சி இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். 2005இல் வந்த நான்காவது கேமே அதை எடுத்துக்கொண்டது, அவ்வளவு நல்ல யோசனை. ஆனாலும் வெளியே வரும்போது ஏதோ குறைந்த மாதிரியே இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்த பிறகுதான் பிடிபட்டது. கதவுக்கு முன்னால் தயங்கி நிற்கப் படம் எனக்கு நேரமே கொடுக்கவில்லை. ஆட்கள் ஓடினார்கள், சுட்டார்கள், செத்தார்கள். நான் எதையும் திறக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கதவே ஒரு படத்தின் வழியாக வந்ததுதான். 1989இல் ஜப்பானில் 'ஸ்வீட் ஹோம்' என்ற பேய்ப்படமும் அதே பெயரில் ஒரு கேமும் வந்தன. அந்தக் கேமிலேயே கதவு திறக்கும் காட்சி உண்டு. அதை மறுபடி செய்து பார்க்கலாம் என்று தொடங்கிய வேலைதான் பிறகு 'ரெசிடென்ட் ஈவில்' ஆனது. ஆக, சினிமாவிலிருந்து கேமுக்கு வந்து, கேமிலிருந்து மறுபடி சினிமாவுக்குப் போயிருக்கிறது. போகிற வழியில் கதவு தொலைந்துவிட்டது.

அடுத்து 2006, 'சைலன்ட் ஹில்'. 1999இல் வந்த அந்தக் கேமில் ஊர் முழுக்கப் பனிமூட்டம். தூரத்தில் இருப்பதை வரைய பிளேஸ்டேஷனுக்குச் சக்தி போதாததால் கொண்டுவந்த பனி அது. படத்தில் கிறிஸ்டோஃப் கான்ஸ் அதோடு சாம்பலையும் சேர்த்துப் பெய்ய விட்டார். பென்சில்வேனியாவில் சென்ட்ரேலியா என்ற ஊருக்கு அடியில் 1962லிருந்து நிலக்கரி எரிந்துகொண்டிருக்கிறதே, அந்தக் கதையிலிருந்து எடுத்தது. மகளைத் தேடி ரோஸ் அந்தச் சாம்பலுக்குள் தனியாக நடக்கிறாள். அகிரா யமாவோகாவின் கேம் இசையே பின்னால் ஓடுகிறது. சைரன் ஊதியதும் கன்ட்ரோலரைப் பிடிப்பதுபோல என் இரண்டு கட்டைவிரலும் தானாக மடங்கின. முதல் முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ரோஸின் கணவர் வெளியே தேடும் காட்சிகள் குறுக்கே வர ஆரம்பித்தன. திரைக்கதையில் ஆண் பாத்திரமே இல்லையே என்று தயாரிப்புத் தரப்பு கவலைப்பட்டதால் சேர்க்கப்பட்டவை அவை. ஒவ்வொரு முறையும் அந்தப் பனிக்குள்ளிருந்து என்னை வெளியே இழுத்துப் போட்டன. வெளியே வெயில் அடிக்கிறது, போலீஸ் இருக்கிறது, தொலைபேசி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அந்த ஊரில் தனியாக நிற்கிற உணர்வு எப்படித் தங்கும்?

2021இல் மறுபடி 'ரெசிடென்ட் ஈவில்', 'வெல்கம் டு ரக்கூன் சிட்டி' என்ற பெயரில். இரண்டாவது கேமில் வரும் காவல் நிலையத்தின் கூடத்தை அப்படியே கட்டியிருந்தார்கள். பார்த்ததும் நெஞ்சு நிறைந்துபோனது, உண்மையாகவே. எந்தப் படிக்கட்டு எங்கே போகும் என்று எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் இரண்டு கேம்களின் கதையை ஒரே இரவில் முடித்தாக வேண்டிய அவசரம் படத்துக்கு. அந்தக் கூடத்தில் யாரும் வழி தவறவில்லை. சாவி தேடி ஒரே இடத்துக்கு நான்கு முறை வரவில்லை. எனக்கு அந்த இடம் பழகியதே அப்படி அலைந்துதான்.

அரக்கனை எடுத்து வந்துவிடுகிறார்கள். ஒன்றுமே நடக்காத அறைகளை விட்டுவிடுகிறார்கள். இதுதான் இத்தனை வருடமாக என் ஆதங்கம்.

* * *

அண்ணா, நீங்கள் சொன்ன அதே கதவை நான் வேறு இடத்திலிருந்து பார்த்தவள். எங்கள் வீட்டில் கன்ட்ரோலர் எப்போதும் என் அண்ணன் கையில். நான் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். எந்தப் பூட்டுக்கு என்ன எண், எந்தக் கதவு உடைந்தது, எங்கே மருந்து விட்டு வந்தோம் எல்லாம் என் கணக்கு. 'அங்கே போகாதே' என்று சொல்வேன், அவன் போவான். பயம் எனக்கும் இருந்தது, ஆனால் திறப்பதும் திறக்காததும் என் கையில் இல்லை. யோசித்துப் பாருங்கள், எனக்கு அந்தக் கேம்கள் முதல் நாளிலிருந்தே சினிமாதான்.

2006இல் 'சைலன்ட் ஹில்' படத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். சைரன் ஊதி, சுவர் உரிந்து, இருட்டு இறங்கும் காட்சியில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். வீட்டில் எத்தனை இரவு ஆடியும் அவன் அப்படிச் செய்ததில்லை. படம் முடிந்து கேட்டேன். 'நிறுத்த முடியலையே' என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் பயம் கூடினால் அவன் பாஸ் பட்டனை அழுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போவான். திரும்பி வந்து, இரண்டு நிமிடம் வேறு ஏதாவது பேசிவிட்டுத் தொடர்வான். கன்ட்ரோலர் வைத்திருப்பவருக்குப் பொறுப்பு இருக்கிறது என்கிறீர்கள், சரிதான். கூடவே தப்பிக்கும் வழியும் அவருக்குத்தான் இருக்கிறது. தியேட்டரில் அது போய்விடுகிறது. என் பக்கத்து நாற்காலிக்கு அன்றைக்குத்தான் அவன் முதல்முறை வந்தான்.

பிரமிட் ஹெட், அந்தக் கூம்பு இரும்புத் தலை அரக்கன், அது விஷயத்தில் மட்டும் எனக்கு அந்தப் படத்தின் மேல் கோபம் உண்டு. 2001இல் வந்த இரண்டாவது கேமில் அது நாயகன் ஜேம்ஸ் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் தண்டனை. அவன் குற்ற உணர்ச்சி நடந்து வருகிறது. ரோஸின் கதையில் அதற்கு என்ன வேலை? ரசிகர்களுக்குப் பிடித்த உருவம் என்பதற்காகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். பயமாக இருந்தது, ஆனால் யாருடைய பயம் என்று தெரியவில்லை.

நானே என் கையால் ஆடிய முதல் கேம் 'டிடென்ஷன்'. அண்ணன் வேலைக்கு வெளியூர் போன பிறகு, தனியாக. தைவான்காரர்கள் செய்து 2017இல் வந்தது. 1960களில், ராணுவச் சட்டம் நடந்த காலத்தில், தடை செய்த புத்தகங்களை ரகசியமாகப் படிக்கும் பள்ளிப் பிள்ளைகளின் கதை. அதில் ஆயுதமே கிடையாது. பேய் கடந்து போகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும், அதற்கு ஒரு பட்டன். நான் நிஜமாகவே மூச்சை அடக்குவேன்.

2019இல் ஜான் சூ இயக்கத்தில் படமாக வந்தபோது பயந்துகொண்டேதான் பார்த்தேன், கெடுத்திருப்பார்களோ என்று. கெடுக்கவில்லை. அந்த மூச்சை அவர்கள் பட்டனாகப் பார்க்கவில்லை. படம் முழுக்க எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, பையைச் சோதிக்கும்போது, யார் காட்டிக்கொடுத்தார்கள் என்ற கேள்வி வரும்போது. பேய்க்கு ராணுவ உடை போட்டிருக்கிறார்கள். அதன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி. அதைப் பார்க்கிறவளுக்குத் தன் முகமே தெரியும். அந்தக் காட்சியில் அழுதேன். தழுவல் திரைக்கதைக்குத் தைவானின் கோல்டன் ஹார்ஸ் விருது வாங்கிய படம் அது. விருது இல்லாவிட்டாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

* * *

அக்கா சொன்ன பக்கத்து நாற்காலியில் வளர்ந்த தலைமுறை நாங்கள். எனக்கு 'ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ்' தெரிந்தது யூடியூபில் மற்றவர்கள் ஆடியதைப் பார்த்துத்தான். இரவில் நடமாடும் இயந்திரப் பொம்மைகளிடம் சிக்காமல் ஒரு காவலாளி விடியும்வரை தாக்குப்பிடிக்கும் கேம். 2014இல் வந்தது, அப்போது நான் பள்ளியில் படித்தேன். போர்வைக்குள் போனின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, யாரோ ஒருவர் அலறுவதைப் பார்ப்பேன். எனக்கு அந்தப் பொம்மைகளின் கதை முழுக்கத் தெரியும். ஒரு முறைகூட நான் ஆடியதில்லை.

2023இல் படம் வந்தபோது தியேட்டரே என் வயதுப் பையன்களால் நிறைந்திருந்தது. இந்தக் கேமின் மர்மங்களை அலசிப் பேர் வாங்கிய யூடியூபர் மேட்பேட், ஒரு காட்சியில் உணவகப் பணியாளராக வருகிறார். அவர் வாயைத் திறப்பதற்குள் தியேட்டர் முழுக்க அவருடைய வசனத்தைச் சொல்லிவிட்டது. எனக்குச் சிலிர்த்தது. இத்தனை வருடம் தனித்தனியாகப் போர்வைக்குள் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே அறையில். பொம்மைகளையும் கணினியில் வரையாமல் சினிமா பொம்மைகளுக்குப் பேர்போன ஜிம் ஹென்சன் பட்டறையில் நிஜமாகவே செய்திருந்தார்கள். அந்தக் கனம் திரையில் தெரிந்தது.

ஆனால் பயம் வரவில்லை. கேமில் காவலாளி நாற்காலியை விட்டு எழ முடியாது. கேமராவைப் பார்க்க வேண்டும், கதவை மூட வேண்டும், இரண்டுக்கும் மின்சாரம் செலவாகும், காலை 6 மணி வரை அது தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணை எடுத்தால் செத்தோம். படத்தில் அந்த மனிதர் தூங்குகிறார்! காணாமல் போன தம்பியைக் கனவில் தேடுவதற்காக வேலை நேரத்தில் தூங்குகிறார். கதைக்கு அது தேவை, புரிகிறது. ஆனால் தூங்க முடியாது என்பதுதானே அந்தக் கேமே?

2025இல் 'அன்டில் டான்' படமும் அதே மாதிரி. கேமில் ஒருவர் செத்தால் செத்ததுதான், பழைய சேவுக்குத் திரும்ப முடியாது. படத்தில் செத்தால் இரவு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. வேறு கேம்களில் நாம் செத்துச் செத்து விளையாடுவது அப்படித்தான், ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கேம் அப்படி இல்லை.

* * *

தங்கை எழுதியதை மூன்று முறை படித்தேன். பாஸ் பட்டனைப் பற்றி நான் இத்தனை வருடத்தில் நினைத்ததே இல்லை. பொறுப்பை மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். நானும் எத்தனையோ முறை கதவுக்கு முன்னால் பாஸ் செய்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

அதனால் நான் சொல்ல விட்ட ஒரு படத்தைச் சேர்க்கிறேன். 'எக்ஸிட் 8'. 2023இல் வந்த சின்ன கேம் அது. ஒரு சுரங்க நடைபாதை, வெள்ளை ஓடு பதித்த சுவர், சில சுவரொட்டிகள், எதிரே நடந்து வரும் ஒரு மனிதர். ஏதாவது மாறியிருந்தால் திரும்பிப் போக வேண்டும், மாறவில்லை என்றால் முன்னால் போக வேண்டும். எட்டாம் வாசல்வரை இவ்வளவுதான். ஒன்றும் நடக்காத இடத்தை வைத்தே ஒரு கேம்.

இதில் படம் எடுக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். 2025இல் கென்கி கவமுரா எடுத்துவிட்டார். நாயகனின் கண் வழியாகவே படம் தொடங்குகிறது. 2005இல் வந்த 'டூம்' படத்திலும் ஐந்து நிமிடம் அப்படிக் கண் வழியாகக் காட்டுவார்கள், துப்பாக்கி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், எனக்கு எதுவும் ஒட்டவில்லை. இங்கே ரயிலில் ஒரு குழந்தை அழுகிறது. அதன் தாயை ஒருவன் திட்டுகிறான். யாரும் வாய் திறக்கவில்லை. நாம் யாருடைய கண்ணால் பார்க்கிறோமோ அவனும் பேசாமல் காதில் இயர்போனை மாட்டிக்கொள்கிறான். அப்புறம்தான் அந்த நடைபாதை. ஏதாவது தப்பாக இருந்தால் கவனி, கவனித்தால் திரும்பிப் போ என்ற விதி, அவன் ரயிலில் செய்யத் தவறியதையே அவனிடம் கேட்கிறது. கன்ட்ரோலர் இல்லாமலே எனக்குப் பொறுப்பு வந்துவிட்டது. நானும் அந்த ரயிலில் சும்மா இருந்தவன்தானே.

தியேட்டரில் யாரும் பேசவில்லை. எல்லோரும் சுவரில் மாற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன் வரிசையில் ஒரு அம்மாள் திரையை நோக்கிக் கையை நீட்டி, பக்கத்தில் இருந்தவரிடம் 'கதவுப் பிடியைப் பாருங்க' என்று மெதுவாகச் சொன்னார். நான் பார்க்கத் தவறியிருந்தேன்.

நேற்று இரவு பழைய 'ரெசிடென்ட் ஈவில்' கேமை எடுத்து, முதல்முறையாக என் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். இருபது வருடத்துக்கும் மேலாக நான் தனியாகவே ஆடியிருக்கிறேன். மாளிகையின் சாப்பாட்டு அறையைத் தாண்டி அந்த முதல் கதவுக்கு வந்தோம். உள்ளே ஜாம்பி தலையைத் திருப்பும் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. 'திறக்காதீங்க' என்றாள். பாஸ் செய்தேன். இன்று காலை எழுந்து வந்து பார்த்தால் அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது. அவள் குளித்துவிட்டு வருவதற்காகக் காத்திருக்கிறேன்.