அணையின் வயிற்றுக்குள் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

ஈரச்செருப்பு

கேலரிக்குள், அதாவது அணைச் சுவருக்கு உள்ளேயே போகும் சுரங்கப் பாதைக்குள், இறங்கியவர்களிடம்தான் கேட்கிறேன். மேலே நடைபாதையில் நின்று படம் எடுத்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் படித்தது வணிகவியல். தோழிக்குத் துணையாக அவள் வகுப்போடு ஒட்டிக்கொண்டு போனேன். கான்கிரீட் எடை அணை. இரும்புக் கதவைத் திறந்துவிட்டார்கள், படி இறங்கிக்கொண்டே இருந்தது. இறங்க இறங்கக் குளிர். கடைசிப் படியில் கால் வைத்ததும் செருப்புக்குள் தண்ணீர் புகுந்தது. சுவரோரம் ஒரு சின்ன வாய்க்கால், அதில் சலசலவென்று ஓட்டம். தரையில் வரிசையாகக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன, பாதிக்கு மேல் வாய் வழிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கச் சுவருக்குப் பின்னால் முழு ஏரி நிற்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

"சார், ஒழுகுதே" என்றேன். கூட வந்த பொறியாளர், "ஒழுகாட்டித்தான்மா எனக்குத் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். வருடம் மூன்றாகிறது. அவர் என்னைச் சமாளித்தாரா, உண்மையைச் சொன்னாரா?

கருங்கல்ஜல்லி

உண்மையைத்தான் சொன்னார். நீங்கள் பார்த்த குழாய்கள் ஒழுகல் இல்லை, வேண்டுமென்றே பாறைக்குள் போட்ட வடிகால் துளைகள்.

எடை அணை தன் கனத்தால்தான் நிற்கிறது. ஒரு கனமீட்டர் கான்கிரீட் ஏறத்தாழ 2.4 டன். அதைத் தள்ளுவது தண்ணீர் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதே தண்ணீர் அடியில் பாறை வெடிப்பு வழியாக நுழைந்து அணையைத் தூக்கவும் பார்க்கும். 50 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 50 டன் அழுத்தம். அது அடித்தளம் முழுக்கப் பரவினால் அணையின் கனத்தில் ஒரு பெரிய பங்கைத் தின்றுவிடும். அதனால் ஏரிப்பக்கமாகப் பாறைக்குள் சிமென்ட் பால் செலுத்தி ஒரு திரை கட்டுவார்கள். அதையும் தாண்டி வருகிற தண்ணீருக்கு இந்தத் துளைகள். தண்ணீர் வெளியே வந்துவிட்டால் அழுத்தமும் இறங்கிவிடும்.

என்னை உறுத்துவது வேறு. பயிற்சிக்குப் போன முதல் வாரம், ஒரு குழாய் மட்டும் காய்ந்து கிடந்தது. நான் மகிழ்ச்சியாக "இது சரியாகிடுச்சு சார்" என்றேன். கூட இருந்த சார் கம்பியை எடுத்து உள்ளே குத்தினார். டொக் என்றது. குழாய்க்குள் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து கல்லாகியிருந்தது. கான்கிரீட்டிலும் சிமென்ட் பாலிலும் இருக்கிற சுண்ணாம்பைத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்து துளை வாயில் அடைக்கும். ஏரி நிறைந்திருக்கும்போது கசிவு குறைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை எத்தனை காய்ந்த குழாய்களைத் தாண்டி நடந்தேனோ.

நீர்க்காகம்

ஜல்லி சொல்வது அளவைப் பற்றி. நிறத்தையும் பாருங்கள்.

நான் போன இடத்தில் கசிவு நீரெல்லாம் ஒரு தொட்டிக்கு வந்து, வி வடிவத்தில் வெட்டிய தகட்டின் வழியாக விழும். வி நாட்ச் என்பார்கள். பக்கத்தில் அளவுகோல். மற்றவர்கள் அளவுகோலைப் பார்த்தார்கள், நான் தண்ணீரைப் பார்த்தேன். லேசாகக் கலங்கியிருந்தது. கூட்டிப்போனவரிடம் சொன்னேன். "அந்தக் கோடியில் தரை கழுவுறாங்க" என்றார். கழுவுகிறவர்களை நான் பார்க்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்க்கவும் விடவில்லை.

கலிபோர்னியாவின் செயின்ட் பிரான்சிஸ் அணை கதை தெரிந்தவர்களுக்கு நான் ஏன் இதையே பிடித்துத் தொங்குகிறேன் என்று புரியும். 1928 மார்ச் 12 காலையில் காவலாளி புதுக் கசிவு, அதுவும் சேற்று நிறத்தில், என்று தகவல் சொல்கிறார். அணையை வடிவமைத்த வில்லியம் முல்ஹாலண்டே வந்து பார்க்கிறார். சேறு பக்கத்துப் பாதையிலிருந்து வந்தது, ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் அணை உடைந்து போய்விட்டது. 400 பேருக்கு மேல் இறந்தார்கள். கான்கிரீட் அணைதான், எடை அணைதான். அதில் வடிகால் கிணறுகள் நடுப்பகுதிக்கு அடியில் மட்டும் இருந்தன. விடிந்தபோது நடுப்பகுதி மட்டும் ஒற்றைப் பல் மாதிரி நின்றது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கருங்கல்ஜல்லி

சாட்சி வேண்டும்தான். அந்த அணையின் இடது கரை பழைய மலைச்சரிவின் மேல் உட்கார்ந்திருந்தது என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஏரி நிறைந்ததும் அந்தச் சரிவு மறுபடி அசைந்தது. வடிகால் இல்லாதது குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் நடுப்பகுதி நின்றதற்கு வடிகால்தான் காரணம் என்று ஒரே போடாகப் போடாதீர்கள்.

நீர்க்காகம்

ஒரே போடாகப் போடவில்லை. கலங்கின தண்ணீரைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொன்ன மனிதரைப் பற்றித்தான் சொன்னேன். நீங்கள் பாறைக்குப் போய்விட்டீர்கள்.

மேஸ்திரிமகள்

சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்கள், என் அப்பா கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா நாற்பது வருடம் சுவர் கட்டியவர். அணை பார்க்கக் கூட்டிப்போனபோது எதற்கும் அசரவில்லை. ஷட்டரைப் பார்த்து "பெரிசு" என்றார், அவ்வளவுதான். உள்ளே ஒரு சின்ன அறை. மேலேயிருந்து ஒரு மெல்லிய கம்பி குழாய்க்குள்ளாக நேரே இறங்கி வருகிறது. அதன் நுனியில் கனமான குண்டு, எண்ணெய்த் தொட்டிக்குள் முங்கியிருக்கிறது. அப்பா சட்டென்று நின்றுவிட்டார். "தூக்குக் குண்டு!" என்றார். எண்ணெய் எதற்கு என்று கேட்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது: "ஆடாம இருக்க. நாங்க வாளித் தண்ணியில விடுவோம்."

கூட வந்தவர் கம்பியின் நிலையை மில்லிமீட்டருக்கும் நுணுக்கமாக அளந்து காட்டினார். ஏரி நிறைந்தால் அணையின் தலை ஆற்றுப்பக்கம் சாயுமாம். கோடையில் வெயில் பட்டு ஆற்றுப்பக்க முகம் விரிந்தால் தலை ஏரிப்பக்கம் திரும்புமாம். வருடா வருடம் போய்ப் போய் வருமாம். நான் வாயைப் பிளந்தேன். அப்பா முகம்தான் மாறிவிட்டது. வெளியே வந்து ரொம்ப நேரம் கழித்து, "அசையிற சுவரை நான் இடிச்சிக் கட்டியிருக்கேன்" என்றார். அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. எதை நினைத்துச் சொன்னார் என்று நானும் கேட்கவில்லை. இப்போது கேட்க முடியாது.

சும்மாவந்தவன்

என் கதை சின்னது. இடுக்கி வளைவு அணை மேலே நடந்தபடி ஷட்டர் எங்கே எங்கே என்று தேடினேன். இல்லவே இல்லை. 168.91 மீட்டர் உயரம், குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவில் வில்லாக வளைத்த வெறும் கான்கிரீட். தண்ணீரைத் திறந்துவிடும் ஐந்து ஷட்டர்களும் பக்கத்துச் செறுதோணி அணையில். 2018 ஆகஸ்டில் 26 வருடம் கழித்துத் திறந்தார்களே, அது அங்கேதான். அதுவரை நான் எல்லாரிடமும் "இடுக்கி ஷட்டர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாகிவிட்டது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். கேலரிக்குள் செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். ஈரச்செருப்புக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். கண்ணாடி போட்டவர்கள் துணி எடுத்துப் போங்கள், குளிரிலிருந்து வெளியே வந்ததும் பனித்துவிடும். மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், பாதி வழியில் சொன்னால் மொத்தக் கூட்டமும் திரும்ப வேண்டும். டார்ச் ஒன்று கையில் இருக்கட்டும், விளக்கு போனால் அங்கே உங்கள் கை உங்களுக்கே தெரியாது. சுவரில் வெள்ளையாகத் தொங்குவதை ஒடித்துக்கொண்டு வராதீர்கள், அளவுக்கருவிகளைத் தொடாதீர்கள். மிக முக்கியம்: அணைக்குக் கீழே ஆறு காய்ந்து கிடக்கிறது என்று பாறையில் போய் உட்காராதீர்கள். ஷட்டர் திறக்க மழை உங்கள் தலைக்கு மேலே பெய்யத் தேவையில்லை, எங்கோ மேலே மலையில் பெய்தால் போதும். சைரன் கேட்டால் செருப்பைத் தேடாமல் கரையேறுங்கள். பிள்ளைகளை

மேஸ்திரிமகள்

பாதியில் அனுப்பிவிட்டீர்கள். யாரும் கேட்கவும் இல்லை.

சும்மாவந்தவன்

கை பட்டுவிட்டது. மீதி இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. போகட்டும்.

புதியவாசகன்

அமெரிக்காவின் ஹூவர் அணை கான்கிரீட்டுக்குள் ஆட்கள் புதைந்து கிடக்கிறார்கள் என்கிறார்களே, நிஜமா? எங்கள் வழிகாட்டி ஒருவர் அப்படித்தான் சொல்லிப் பயமுறுத்தினார்.

கருங்கல்ஜல்லி

இல்லை. ஒரே மூச்சில் கொட்டிய சுவர் இல்லை அது. தனித்தனி பிளாக்குகளாக, ஒவ்வொரு தடவையும் 5 அடி உயரம் மட்டுமே ஊற்றினார்கள். ஒரு வாளி கொட்டினால் மட்டம் சில அங்குலம்தான் உயரும், ஆள் மூழ்க வழியில்லை. விபத்தில் இறந்தவர்கள் உண்டு, உள்ளே புதைந்தவர்கள் இல்லை. உண்மையில் புதைந்து கிடப்பது குழாய். சிமென்ட் இறுகும்போது சூடு கிளம்பும், அத்தனை கனத்தில் அது தானாக ஆற நூறு வருடத்துக்கு மேல் பிடிக்கும், ஆறும்போது சுருங்கி வெடிக்கும். அதனால் ஒரு அங்குலக் குழாய்களை, மொத்தம் 937 கி.மீ. அளவுக்கு, உள்ளேயே வைத்துக் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். ஆறி முடிந்ததும் குழாய்க்குள்ளும் சிமென்ட் பால் ஊற்றி அடைத்தார்கள். அணையின் மேல் ஒரே இடைவெளியில் கோடுகள் தெரியுமே, அதுதான் பிளாக் இணைப்பு. அதை விரிசல் என்று படம் போடுகிறவர்களைத்தான் எனக்குப் பொறுக்காது.

பழைய ரீடிங்காரன்

எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

நீர்க்காகம் சொன்ன அந்த வி நாட்ச் அளவைத் தினமும் எடுத்து நோட்டில் எழுதுவது என் வேலையாக இருந்தது. எந்த அணை என்று கேட்காதீர்கள். வேலை சுலபம்: இறங்க வேண்டும், அளவுகோலைப் பார்க்க வேண்டும், ஏற வேண்டும். படிகள்தான் உயிரை எடுக்கும். ஒருநாள் காய்ச்சல். இறங்கவில்லை. முதல் நாள் எண்ணையே எழுதிவிட்டேன். 50 மில்லிமீட்டர்.

மறுநாள் போனேன். 60.

பத்து மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். வி நாட்சில் அப்படி இல்லை. தண்ணீர் ஏற ஏற வாய் அகலமாகும். உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல். 50 க்கும் 60 க்கும் நடுவிலேயே ஓட்டம் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தேன். ஏரி மட்டமும் அந்த இரண்டு நாளில் நன்றாக ஏறியிருந்தது. அதனால் "நீர்மட்ட உயர்வு" என்று குறிப்பு எழுதினேன், மேலே கையெழுத்தாகி வந்தது.

ஆனால் கசிவு முதலில் ஏறியதா, மட்டம் முதலில் ஏறியதா? அதைச் சொல்ல வேண்டிய எண் நான் எழுதாத எண்தான்.

நீர்க்காகம்

பிறகு இறங்கியதா?

பழைய ரீடிங்காரன்

மட்டம் இறங்கியதும் இறங்கியது. 52 இல் நின்றது. நான் மாற்றலாகிப் போகும்வரை 50 க்குத் திரும்பவில்லை.

ஈரச்செருப்பு

அந்த நோட்டில் காய்ச்சல் நாளை யாராவது திருத்தினார்களா?

பழைய ரீடிங்காரன்

யாருக்குத் தெரியும் திருத்த? என் கையெழுத்தில் 50 என்றே இருக்கிறது.